கோட்டைக்குள் பதினெட்டுக் குழி

தார்நாகா

"கோல்கொண்டா பார்க்க வந்தேன்னு சொல்லு, நம்புறேன். கோல்ஃப் பார்க்கவாடா இவ்வளவு தூரம்? அதுதான் உங்க கொடைக்கானல்லயே இருக்கே" என்றாள் சித்தி. ரெண்டும் ஒரே மதிலுக்குள்தான் இருக்கிறது என்றேன். நம்பவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தார்நாகாவில் இருப்பவள். ஊரிலிருந்து வருகிற அத்தனை பேரையும் கோட்டைக்குக் கூட்டிப்போய், கீழ்வாசலில் கைதட்டினால் உச்சியில் கேட்கும் அதிசயத்தைக் காட்டிக் கூட்டி வந்தவள். தனக்குத் தெரியாத ஒரு கோல்கொண்டா இருக்க முடியும் என்பதை அவள் லேசில் ஒத்துக்கொள்வதாக இல்லை.

தார்நாகாவில் தெருவைப் பெரும்பாலும் எண்ணால்தான் சொல்கிறார்கள். பழைய தனிவீடுகள் ஒவ்வொன்றாக அடுக்குமாடி ஆகிக்கொண்டிருக்கின்றன. இன்னும் ஆகாத ஒரு வீட்டில், வாசலில் கோலமும் கொல்லையில் கறிவேப்பிலையுமாகச் சித்தியின் குடித்தனம். சித்தப்பாவின் அப்பா குன்னூர்க்காரர். குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டின் ஒற்றை அறையில், 1918இல், ராபர்ட் மக்கரிசன் என்ற டாக்டர் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த ஒற்றை அறைதான் வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாகி, 1958இல் மலையிறங்கி இங்கே வந்தது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அது. கூடத்தோடு ஊழியர்களும் வந்தார்கள், சித்தப்பாவின் அப்பாவும் அவர்களில் ஒருவர். குன்னூர்க் குளிரில் வளர்ந்தவர்கள் தக்காணத்து வெயிலுக்குப் பழகக் கொஞ்சம் நாளாகியிருக்கும்.

காலையில் முச்சந்தியில் ஒரு பண்டி. தள்ளுவண்டிக்கு இங்கே அதுதான் பெயர். இட்லிக்குச் சாம்பார் கேட்டால் நம்மை வெளியூர் என்று கண்டுகொள்கிறார்கள். பல்லி சட்னிதான் இங்கே ராஜா: வேர்க்கடலையை வறுத்து அரைத்தது, கெட்டியாக, தாராளமாக. பக்கத்தில் இனிப்பும் காரமுமாக இஞ்சிச் சட்னி. நெய்யும் காரப்பொடியும் பூசிய இட்லியை ஓர் உஸ்மானியா மாணவன் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டே விழுங்கிவிட்டு ஓடினான். பல்கலைக்கழகம் கூப்பிடு தூரம். 1939இல் நிஜாம் திறந்துவைத்த ஆர்ட்ஸ் காலேஜ் கட்டடத்தின் இளஞ்சிவப்புக் கருங்கல் முகப்பைக் காலை வெயிலில் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895இல் தொடங்கியது. அன்றைக்கு அது ஒரு சின்ன மலையூர். ரோடு கூட ஒழுங்காகக் கிடையாது. டோலியிலும் குதிரையிலும்தான் ஏறினார்கள். அந்த ஊருக்கே கோல்ஃப் வந்துவிட்டது. இந்தியாவின் பெரும் பணக்காரச் சமஸ்தானத்தின் தலைநகரில் ஹைதராபாத் கோல்ஃப் சங்கம் பிறந்ததோ 1992இல். ஏன் இந்தத் தாமதம்?

செகந்திராபாத்

லாலாகூடா வழியாகப் போனேன். 1893இல் நிஜாம் ரயில்வே வைத்த பணிமனை இன்றும் ஓடுகிறது. அதைத் தாண்டினால் செகந்திராபாத். 1806இல் சிக்கந்தர் ஜாவின் பெயரால் அமைந்த கன்டோன்மென்ட் ஊர். இங்கே பாளையம் இறங்கியது சென்னைப் படை. அதன் பின்னாலேயே நம் ஆட்களும் வந்தார்கள். துபாஷிகள், சப்ளை காண்ட்ராக்டர்கள், சமையல்காரர்கள், குமாஸ்தாக்கள். பத்மாராவ் நகர் என்ற பேட்டையின் பெயரே ஒரு முதலியாருடையது. அங்கே ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் கிருத்திகையன்று நின்றால் மயிலாப்பூரா என்று சந்தேகம் வரும். சித்தி மாதம் தவறாமல் போகிறாள். பிராகாரத்தில் எனக்கு அறிமுகமான பெரியவர் ஒருவர், ஐந்தாம் தலைமுறைச் செகந்திராபாத் தமிழர், "நாங்க தமிழ் பேசுவோம், தெலுங்குல எழுதுவோம், உருதுல பேரம் பேசுவோம்" என்றார்.

அவரிடம் கோல்ஃப் பேச்சை எடுத்தேன். "அது மிலிட்டரிக்காரங்க ஆட்டம் சார். நவாபுகளுக்குக் குதிரை வேணும்."

என் கேள்விக்குப் பாதிப் பதில் அதிலேயே இருந்தது. இந்தியாவிலும் இலங்கையிலும் கோல்ஃப் போன பாதையைப் பார்த்தால் ஸ்காட்லாந்துக்காரர்கள் போன பாதை தெரியும். வியாபாரிகள் நிறைந்த கல்கத்தாவில் 1829. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே முதல் கோல்ஃப் கிளப் அதுதான். பெங்களூர் 1876. கொழும்பு 1879. தேயிலைத் துரைமார் குவிந்த நுவரெலியா 1889. துறைமுகம், பாசறை, மலைவாசம், தோட்டம் என்று வெள்ளைக்காரன் தன்னிச்சையாக வாழ்ந்த இடங்களில் எல்லாம் இந்த ஆட்டம் முளைத்தது. நிஜாமின் ஹைதராபாத்தில் அவன் விருந்தாளி. விருந்தாளியானவன் வீட்டுக்காரரின் ஆட்டத்தைத்தான் ஆட வேண்டியிருந்தது. போலோ, வேட்டை, பிறகு கிரிக்கெட். 1896இல் பெங்களூரிலிருந்து வந்த நான்காம் ஹுஸார் படைப்பிரிவு இங்கே கோல்கொண்டா கோப்பைப் போலோவை வென்றது. நிஜாமின் கோல்கொண்டா பிரிகேட்தான் ஜெயிக்கும் என்று ஊரே எண்ணியிருந்த பந்தயம். வென்ற அணியில் இருந்த இளம் அதிகாரிகளில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில். குதிரைமேல் உட்கார்ந்து பந்தடித்த சீமான்களுக்கு, ஒரு வெள்ளைப் பந்தின் பின்னால் வெயிலில் நடப்பது கௌரவமாகப் பட்டிருக்காது என்பது என் ஊகம். கன்டோன்மென்ட்டில் இராணுவத்தின் கோல்ஃப் மைதானம் இன்றும் இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

பாரடைஸ் பக்கம் ஓர் இரானி டீக்கடையில் உட்கார்ந்தேன். பளிங்கு மேசை, கொதித்துக் கொதித்துக் கெட்டியான டிக்காக்ஷன், தனியே சுண்டிய பால். உஸ்மானியா பிஸ்கட்டில் உப்பும் இனிப்பும் சமம். இந்த டீயைக் குடித்தால் மதியம் வரை பசி தெரியாது. கொடைக்கானல் டீக்கடையில் டீ கைக்கு வருவதற்குள் பாதி ஆறிவிடும். இங்கே கோப்பையைத் தொடவே கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

நயா கிலா

மெஹதிபட்டணம் தாண்டி, டோலிசௌக்கியின் பிரியாணிக் கடைகளைத் தாண்டி, குறுகலான ஒரு சாலையில் திரும்பினால் கருங்கல் மதில் எழும்புகிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு கூட்டம் ஏறும் கோல்கொண்டாவுக்கு வடகிழக்கில், அதோடு ஒட்டிக் கட்டிய புதுக்கோட்டை. புது என்றால் 1656க்குப் பிறகு. அந்த ஆண்டில் தக்காணத்து முகலாய ஆளுநராக இருந்த இளவரசன் ஔரங்கசீப் கோல்கொண்டாவைச் சூழ்ந்தான். அப்பா ஷாஜஹான் சமாதானம் பேசச் சொன்னதால் திரும்பிப் போனான். கோட்டைக்கு எதிரே இருந்த மேடு பகைவன் பீரங்கிக்கு வசதியான இடம் என்பதைக் கோல்கொண்டா சுல்தான் அப்துல்லா குதுப் ஷா அப்போது கண்டுகொண்டார். மேட்டையே வளைத்து மதிலுக்குள் இழுத்துக்கொண்டார். அதுதான் நயா கிலா. ஔரங்கசீப் சக்கரவர்த்தியாகித் திரும்பி வந்தபோது எட்டு மாதம் முற்றுகை நின்றது. 1687இல் கோட்டை விழுந்தது மதில் உடைந்து அல்ல, உள்ளிருந்த ஒருவன் கதவைத் திறந்துவிட்டதால்.

வாசலில் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிவிட்டு நடந்தேன். உள்ளே வந்ததும் கண் கூசும் பச்சை. மதிலின் கறுப்பும், வெளியே இருந்த மண்புழுதியும், இந்தப் பச்சையும் மூன்றும் மூன்று ஊர். நான்கு பேர் வெள்ளைத் தொப்பியோடு நின்றிருந்தார்கள். ஒருவர் மட்டையை ஓங்கினார். டொக். பந்து போன திசையில் ஒரு பழைய மசூதியின் மினார்.

ஸ்காட்லாந்தில் 1457இல் அரசன் கோல்ஃபைத் தடை செய்தான். ஆட்டத்தின் மேலிருந்த மோகத்தில் ஆண்கள் வில்வித்தை பழகுவதை விட்டுவிட்டார்களாம். நாட்டைக் காப்பது யார் என்று கவலை. சண்டைக்கு இடைஞ்சல் என்று விரட்டப்பட்ட ஆட்டம் ஐந்தரை நூற்றாண்டு கழித்துச் சண்டைக்காகவே கட்டிய மதிலுக்குள் வந்து குடியேறியிருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் அன்றைய ஆந்திர அரசின் சுற்றுலாத் துறையும் கோல்ஃப் சங்கமும் கைகோத்ததில் இந்த மைதானம் உருவானது. இன்று 18 குழி. தேசிய அளவில் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மோதும் கோல்கொண்டா மாஸ்டர்ஸ் பந்தயம் நடக்கிற இடம்.

குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு க்ரீன் என்று பெயர். அப்படி ஒரு க்ரீன் ஓரத்தில், ஆடுகிறவரின் மட்டைப் பையைச் சுமந்து நின்றுகொண்டிருந்த கேடியிடம் பேச்சுக் கொடுத்தேன். இருபத்தைந்து வயதிருக்கும். என் அரைகுறை இந்தியும் அவருடைய தக்கணியும் எப்படியோ ஒத்துப்போயின. பந்து வந்து இறங்கிய இடத்தில் புல்லில் ஒரு சின்னக் குழிவு. இரண்டு பல் கொண்ட முள்கரண்டி மாதிரி ஒன்றைப் பையிலிருந்து எடுத்தார். குழிவின் ஓரத்தில் குத்தி, நடுவை நோக்கி நான்கு பக்கமும் மெல்ல நெம்பிச் சேர்த்தார், மேலே தூக்கவில்லை. தூக்கினால் வேர் அறுந்து அந்த இடம் கருகிவிடும் என்றார். மட்டையின் அடிப்பாகத்தால் ஒரு தட்டு. குழிவு இருந்த தடமே இல்லை. குனிந்து பார்த்தேன். வெப்ப நாட்டு மைதானங்களில் பெரும்பாலும் போடும் பெர்முடா ரகப் புல் நம் அருகம்புல்லின் இனம்தான். பிள்ளையாருக்குக் கிள்ளிப் போடுவதை இங்கே மில்லிமீட்டர் கணக்கில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பழைய நாளில் இந்தியாவின் பல மைதானங்களில் க்ரீனே கிடையாது. தண்ணீருக்கு எங்கே போவது? மணலில் எண்ணெய் கலந்து கெட்டித்து 'பிரவுன்' என்று வைத்துக்கொண்டு அதிலேயே ஆடினார்கள்.

"உங்கள் ஊர்?" என்றேன்.

"இதுதான். கோட்டைக்குள்ளேயே பிறந்தேன். அப்பா இங்கே கீரை போட்டார், மாட்டுக்குத் தீனிப்புல் போட்டார்." கையால் ஒரு திசையைக் காட்டினார். "நானும் புல்லோடதான் இருக்கேன், பாருங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

மைதானம் வருவதற்கு முன் இங்கே வயல்கள் இருந்தன. வயலுக்கு முன்? 2014இல் தொல்லியல் துறை தோண்டியபோது குதுப் ஷாஹித் தோட்டம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து எழுந்தது. கல் வாய்க்கால்கள், சுடுமண் குழாய்கள், நீரூற்று இருந்த இடங்கள். பாரசீக முறையில் படிப்படியாகத் தண்ணீர் இறங்கிவந்த தோட்டம். அதாவது நவாபு காலத்துக்கும் முன்னால், அரசர்கள் உலாவிய புல்தரை. பிறகு விவசாயி. இப்போது மறுபடியும் உலாவுகிறவர்கள். தோட்டமும் மசூதிகளும் இருக்கிற இடத்தில் மண்ணை நிரவிப் புல் போடலாமா என்று மரபுரிமை ஆர்வலர்கள் பல காலமாகக் கேட்டு வருகிறார்கள். நீதிமன்றம் வரைக்கும் போன தகராறு. அவர்கள் கேள்வி நியாயமானது. ஆனால் மதிலின் மேல் ஏறி மறுபக்கம் பார்த்தால் வேறொன்றும் புரிகிறது. வெளியே கண்ணுக்கெட்டியவரை ஐந்து மாடி, ஆறு மாடி. அகழியின் விளிம்பு வரை செங்கல். இந்த மைதானம் வராதிருந்தால் தோட்டம் தோண்டப்படுவதற்கு முன்பே தூண் இறங்கியிருக்குமோ என்று தோன்றாமல் இல்லை. கோட்டையை மக்களிடமிருந்து அடைத்த வேலி, கட்டடக்காரரிடமிருந்தும் அடைத்திருக்கிறது. இதில் எது கனம் என்று எனக்கு நிறுக்கத் தெரியவில்லை. நான் கேடியின் அப்பாவாக இருந்தால் தெரிந்திருக்கும்.

மசூதிகளில் ஒன்று முல்லா கயாலி பெயரில் இருக்கிறது, அவர் கவிஞர். இன்னொன்று அமைச்சர் முஸ்தஃபா கானுடையது. இரண்டும் இப்ராஹிம் குதுப் ஷா காலத்தவை, மதிலுக்கும் மூத்தவை. முல்லா கயாலி மசூதிக்குப் பக்கத்தில்தான் அந்த மரம். ஹாத்தியான் கா ஜாட் என்கிறார்கள், யானை மரம். நான் போனது பிப்ரவரி. இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறும் உடம்போடு நின்றது. அடிமரத்தின் சுற்றளவு 27 மீட்டரைத் தாண்டும். சாம்பல் நிறத்துப் பட்டை மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. தொட்டால் வெயிலிலும் சில்லென்று இருக்கிறது. எட்டிய உயரம் வரைக்கும் காதலர் பெயர்கள். மேலே ஏறினால் மரத்துக்குள் அறை போன்ற ஒரு பொந்து. திருடர்கள் ஒளிந்த இடம் என்று கதை சொல்கிறார்கள், நாற்பது பேராம். அலிபாபாவிடமிருந்து கடன் வாங்கிய எண்ணாக இருக்கும்.

ஆப்பிரிக்க மரம். மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கும் பெருக்க மரத்தின் உறவு. அரபு வியாபாரிகள் கொண்டுவந்து நட்டது என்று இங்கும் சொல்கிறார்கள், மன்னாரிலும் அதையேதான் சொல்கிறார்கள். நான்கு நூற்றாண்டு வயதென்கிறார்கள். அது நின்ற இடத்தைச் சுற்றித் தோட்டம் வந்தது, மதில் வந்தது, கீரை வந்தது, கோல்ஃப் வந்தது. கேடிகள் மதியச் சாப்பாட்டுக்கு அந்தப் பக்கம் ஒதுங்குகிறார்கள். டப்பாவில் கட்டி தால், புளி போட்ட பருப்பு. ஒரு ரொட்டியைக் கிழித்து எனக்கும் நீட்டினார்கள். நம் வீட்டுப் பருப்பில் புளி விட்டால் அது சாம்பார் ஆகிவிடும். இவர்கள் அதைச் சாம்பார் ஆகவிடாமல் ஏதோ ஓர் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள்.

அங்கே உட்கார்ந்திருந்தபோது சென்னை ஞாபகம் வந்தது. கோல்கொண்டாவுக்கும் சென்னைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. இந்தக் கோட்டையின் கை ஒருகாலத்தில் பூந்தமல்லி வரை நீண்டிருந்தது. 1662இல் சாந்தோமைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்ததும் கோல்கொண்டா படைதான். 1672இல் போட்ட ஏற்பாட்டின்படி புனித ஜார்ஜ் கோட்டைக்காரர்கள் வருஷத்துக்கு 1,200 பகோடா வாடகை கட்டினார்கள். சென்னை என்ற ஊரே கோல்கொண்டாவுக்கு வாடகை கொடுத்த குடித்தனம். அந்தச் சென்னையில், கிண்டி ரேஸ் மைதானத்தின் நடுவில் ஜிம்கானா கிளப்காரர்கள் கோல்ஃப் ஆடிவந்தார்கள். 99 ஆண்டுக் குத்தகையில் இருந்த அந்த 160 ஏக்கரை 2024 செப்டம்பரில் தமிழக அரசு பூட்டி எடுத்துக்கொண்டது. பிறகு அங்கே குளம் வெட்டுகிற பேச்சு எழுந்தது. அதே வருஷம் ஜூனில் ஊட்டி ரேஸ் மைதானமும் அரசிடம் திரும்பியது. கோல்ஃப், ரேஸ் எல்லாம் நிலத்தில் ஆடும் ஆட்டம் என்கிறோம். குத்தகையில் ஆடும் ஆட்டம் என்பதுதான் சரி.

மணிகொண்டா

கோட்டை வாசலில் ஓர் ஆட்டோவில் ஏறினேன். ஆட்டோக்காரரே அடுத்த மைதானத்தையும் காட்டுகிறேன் என்றார். நயா கிலாவிலிருந்து மேற்கே. வழியெல்லாம் பாறை. ஒன்றின்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்தது போலத் தோன்றும் இந்தக் கருங்கற்களின் வயது இருநூற்றைம்பது கோடி ஆண்டு. பாதிப் பாறையை உடைத்துத்தான் ஐ.டி. நகரம் எழுந்திருக்கிறது. மிச்சப் பாதியில் கொஞ்சம் போல்டர் ஹில்ஸ் கோல்ஃப் மைதானத்துக்குள் பிழைத்திருக்கிறது. பீட்டர் ஹாரடைன் வடிவமைத்தது. துபாயின் எமார் நிறுவனமும் அரசின் தொழில் கட்டமைப்புக் கழகமும் சேர்ந்து போட்ட திட்டம். வில்லா விற்பனை பற்றி 2011இல் சிபிஐ விசாரணை வந்தது. நகரத்துக் கோல்ஃப் எல்லாம் கடைசியில் வீட்டுமனைக் கதையாகத்தான் முடிகிறது போலும். பெரிய வாசல், பெரிய பெயர்ப்பலகை, உள்ளே கார்கள். இங்கே இறங்கி நிற்கவே எனக்குத் தோன்றவில்லை.

ஆட்டோக்காரருக்கு மணிகொண்டா சொந்த ஊர். கொஞ்ச தூரத்திலிருக்கும் ஹுசைன் ஷா வலி தர்காவில் நிறுத்தினார். ஹுசைன் சாகர் ஏரியை வெட்டிய புண்ணியத்தை இந்தப் பெரியவர் பெயரில்தான் ஊர் எழுதி வைத்திருக்கிறது. சுற்று வட்டார நிலம் எல்லாம் தர்காவின் ஜாகீர் என்று வக்ஃபு வாரியம் வழக்காடியது, 1,654 ஏக்கர். 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அது மாநில அரசின் நிலம் என்று தீர்ப்புச் சொன்னது. கோல்ஃப் மைதானத்துக்கு ஒதுக்கிய நிலமும் அந்தச் சண்டைக்குள் இருந்ததுதான்.

"தாத்தா அந்தப் பாறைங்க நடுவுல ஆடு மேய்ச்சார் சார்" என்றார் ஆட்டோக்காரர், தெலுங்கில். "அப்போ யாரும் இது யாரோடதுன்னு கேக்கல. கோல்ஃப் வந்தப்புறம்தான் எல்லாரும் கேக்கறாங்க."

தர்கா வாசலில் சர்க்கரைப் பூந்தி கொடுத்தார்கள். சாப்பிட்டுக்கொண்டே, உங்கள் ஊரில் கோல்ஃப் உண்டா என்று கேட்டார். உண்டு, நூற்று முப்பது வருஷமாக உண்டு என்றேன். எங்கள் மைதானம் மலைப் புல்வெளி. சாயந்தரமானால் காட்டுமாடுகள் இறங்கி வரும். ஒவ்வொன்றும் உங்கள் ஆட்டோவை விடக் கனம். ஃபேர்வே புல்தரையில் நின்று நிதானமாக மேயும். ஆடுகிறவர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு காத்திருப்பார்கள். அது நகர்ந்தால்தான் அடுத்த அடி. பையனாக இருந்தபோது நாங்கள் புதரில் தொலைந்த பந்துகளைப் பொறுக்கி வந்து அவர்களிடமே விற்போம். காட்டுமாடு நிற்கும் புதரில் கிடக்கும் பந்துக்கு விலை கூட.

"விரட்ட மாட்டாங்களா?"

"யார் விரட்டறது?"

அவர் கைப் பூந்தியைத் தட்டிவிட்டு ஆட்டோவைக் கிளப்பினார். "மெம்பர்ஷிப் கார்டு இருக்கான்னு கேட்டுப் பாக்கணும் சார், அதுங்ககிட்ட" என்று சொல்லிவிட்டு, தார்நாகா வரை போக மீட்டருக்கு மேல் நூறு ரூபாய் வேண்டும் என்றார்.